பிடரிச் சத்திரசிகிச்சைக்குப் பின்னர் வீட்டில் கவனிக்க வேண்டியவை

கியாரி நோய்க்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களின் குடும்பங்களுக்கு ஒரு விளக்கம்

தலையில் சத்திரசிகிச்சை என்றதும் வீடே கலங்கிப் போகிறது. "மூளையை வெட்டப் போகிறார்களாம்", "இனி அவர் பழைய ஆளாக வரமாட்டார்" என்று அயலவர் கூறுவதும் உண்டு. சொந்தக் காணியை விட்டு வந்து, இரவல் காணியிலோ உறவினர் வளவிலோ தற்காலிகக் கொட்டிலிலோ வாழும் குடும்பங்களுக்கு இன்னொரு கவலையும் சேர்கிறது. உழைக்கின்ற ஆள் படுத்துவிட்டால் வயலை யார் பார்ப்பது? தண்ணீர் யார் அள்ளுவது? எத்தனை நாளைக்கு இப்படி இருக்க வேண்டும்? இக்கேள்விகளுக்கு இக்கட்டுரை விடை கூற முயல்கிறது. வைத்தியர் உங்களுக்கென்று தனியாகக் கூறிய அறிவுரை எதுவும் இதிலிருந்து வேறுபட்டால், வைத்தியர் கூறியதையே பின்பற்றுங்கள்.

நோய் என்ன?

எமது தலையின் பின்பக்கத்தில், பிடரிக்குச் சற்று மேலே, சிறுமூளை இருக்கிறது. பாடசாலைப் புத்தகங்களில் இதனை மூளி என்பார்கள். மண்டையோட்டின் அடியில் உள்ள பெரிய துவாரத்தின் ஊடாக முண்ணாண் கீழிறங்கி முதுகெலும்புக்குள் செல்கிறது. மூளையையும் முண்ணாணையும் சுற்றித் தெளிந்த நீர் போன்ற ஒரு பாய்பொருள் எப்போதும் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கும்.

சிலருக்கு மண்டையோட்டின் பின்பகுதி பிறப்பிலேயே சற்று ஒடுக்கமாக அமைந்து விடுகிறது. அப்போது சிறுமூளையின் கீழ் நுனிகள் அந்தத் துவாரத்தின் வழியே கழுத்துப் பக்கம் இறங்கி, வாய்க்காலில் மதகை அடைத்தது போல நீரோட்டத்தைத் தடுக்கின்றன. பொதுவாக 5 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் இறங்கியிருந்தால் இதனைக் கியாரி குறைபாடு என்பர். பிராக் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் கியாரி என்னும் வைத்தியர் 1891ஆம் ஆண்டில் இதை விபரித்து எழுதியதால் இப்பெயர் வந்தது.

இருமும்போதும் தும்மும்போதும் பாரம் தூக்கும்போதும் பிடரியில் பிளப்பது போன்ற தலையிடி, கழுத்து நோ, கைகளில் விறைப்பு, நடையில் தள்ளாட்டம், விழுங்கும்போது புரையேறுதல் என்பன இதன் அறிகுறிகள். நீரோட்டம் தடைப்பட்டதால் சிலருக்கு முண்ணாணின் உள்ளே நீர் தேங்கி ஒரு குழி உண்டாகும். அவர்களுக்குக் கையில் சூடு, குளிர் தெரியாமற் போகும். அடுப்புச் சட்டியைப் பிடித்துக் கை பொக்களித்த பின்னரே சுட்டது தெரியவரும். கைத்தசைகள் மெலிந்து பிடி தளர்வதும் உண்டு.

இது தொற்று நோயல்ல. சாபமோ செய்வினையோ அல்ல. யாரும் செய்த பாவத்தின் பலனுமல்ல. ஸ்கான் படத்தில் இக்குறைபாடு தெரிந்தவர்கள் எல்லோருக்கும் சத்திரசிகிச்சை தேவைப்படுவதும் இல்லை. தொல்லை அதிகமாக இருந்தால், அல்லது முண்ணாணில் நீர்க்குழி வளர்ந்தால், வைத்தியர்கள் சத்திரசிகிச்சையை ஆலோசிப்பார்கள்.

சத்திரசிகிச்சையில் என்ன செய்கிறார்கள்?

நோயாளியை மயக்கிக் குப்புறப் படுக்க வைத்து, தலை அசையாதபடி ஒரு கவ்வியில் பொருத்துவார்கள். பிடரியின் நடுவே நெடுக்காக வெட்டி, மண்டையோட்டின் பின்னடியில் ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர் அகலமான எலும்புத் துண்டையும், பெரும்பாலும் கழுத்தின் முதலாவது முள்ளெலும்பின் பின்வளைவையும் அகற்றுவார்கள். பலருக்கு மூளையைச் சுற்றியுள்ள உறையைத் திறந்து, ஒரு ஒட்டுத் துண்டை வைத்துத் தைத்து, அதனை அகலமாக்குவார்கள். நோக்கம் இடத்தை விசாலமாக்கி நீரோட்டத்தைத் திறந்துவிடுவதே. சிலருக்கு இறங்கியிருக்கும் நுனிகளைச் சற்றுச் சுருக்குவதும் உண்டு. சிந்திக்கும் மூளையை வெட்டுவதில்லை. புத்தி மாறாட்டம் வந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

அகற்றிய எலும்பைத் திரும்ப வைப்பதில்லை. அந்த இடத்தைக் கழுத்தின் தடித்த தசைகள் மூடிப் பாதுகாக்கும்.

வைத்தியசாலையில் முதல் நாட்கள்

முதல் இரவு பெரும்பாலும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கழியும். நோயாளியின் பெயரைக் கேட்பதும், கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பதும், கைகால்களை அசைக்கச் சொல்வதும் அடிக்கடி நடக்கும். நித்திரையைக் குழப்புகிறார்களே என்று வீட்டார் மனம் வருந்தக் கூடாது. ஆபத்தை நேரத்தோடு கண்டுபிடிக்கும் வழி அதுதான். நெற்றியிலோ காதின் மேற்புறத்திலோ சிறு புள்ளிக் காயங்கள் தென்படலாம். அவை தலையைப் பிடித்திருந்த கவ்வியின் அடையாளங்கள். சில நாட்களில் ஆறிவிடும்.

முதல் 3 நாட்களும் கடினமானவை. பிடரியில் தசைகள் வெட்டப்பட்டிருப்பதால் கழுத்து மரம்போல இறுகி, தோள் வரை வலிக்கும். ஓங்காளமும் சத்தியும் வரலாம். தலை சுற்றலாம். நோவைப் பொறுத்துக்கொண்டு கிடப்பதில் எந்தப் பெருமையும் இல்லை. நோ கூடினால் நோயாளி அசையவும் ஆழமாக மூச்செடுக்கவும் பயப்படுவார், சளி கட்டும். ஆகவே நோவைத் தாதியிடம் கூறி மருந்து பெற வேண்டும். ஓரிரு நாட்களுக்குள் எழுப்பி இருத்தி, பின்னர் நடத்துவார்கள். இதுவும் கொடுமையல்ல. படுத்தே கிடந்தால் கால் நரம்புகளில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு.

பெரும்பாலானோருக்கு ஒரு கிழமைக்குள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். புறப்படுமுன் நான்கு விடயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: தையல் எப்போது, எங்கே பிரிப்பது? எந்தக் குளிசை எத்தனை நாளைக்கு? அடுத்த கிளினிக் எப்போது? அவசரமென்றால் எந்த வாட்டுக்கு வருவது? தையல் வழமையாக 7 முதல் 14 நாட்களுக்குள் பிரிக்கப்படும். வைத்தியர் சம்மதித்தால் அதனைக் கிட்டிய அரசாங்க வைத்தியசாலையிலேயே செய்யலாம். அதற்கென ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள்.

நெடும் பயணம்

கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். சத்திரசிகிச்சை முடித்தவரைப் பஸ்ஸின் பின் ஆசனத்தில் இருத்திக் கொண்டுவருவது பெருந்தவறு. குலுக்கம் அங்கேதான் அதிகம். நடுப்பகுதியில் இருத்தி, சுருட்டிய துவாயொன்றைக் கழுத்தின் இருபக்கமும் வைத்துத் தாங்கலாம். புகையிரத வசதி உள்ள இடமானால் அது மேலானது. புறப்படுமுன் நோக் குளிசையும் சத்திக் குளிசையும் எடுப்பது பற்றித் தாதியிடம் கேளுங்கள். இடையிடையே இறங்கி நாலடி நடக்க வேண்டும். பஸ் நிலையத்திலிருந்து வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்ல வேண்டாம். அரைமணி நேரம் காத்திருந்தாவது முச்சக்கர வண்டி பிடித்து, மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

வீட்டில் படுக்கையும் எழும்புதலும்

நிலத்தில் பாய் விரித்துப் படுப்பவர்கள் முதல் 6 கிழமைகளுக்காவது ஒரு கட்டிலையோ உயரமான வாங்கையோ இரவல் வாங்குங்கள். நிலத்திலிருந்து எழும்பும்போது கழுத்துக்கு அதிக விசை வருகிறது. எழும்பும் முறை இதுதான்: முதலில் உடம்பை முழுதாக ஒருபக்கம் திருப்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, கையால் ஊன்றி மெதுவாக எழும்புதல். இருந்தபடி சற்று நேரம் தாமதித்து, தலைச்சுற்று நின்ற பின்னரே நிற்க வேண்டும். மற்றவர்கள் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது.

தலையணை கழுத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டும். கழுத்துப் பட்டி கொடுத்திருந்தால் சொன்ன நாள் வரை மாத்திரம் அணியுங்கள். கொடுக்காதவர்கள் தாமாக வாங்கி அணிய வேண்டாம். நீண்ட நாள் பட்டி போட்டால் தசைகள் பலம் குன்றும்.

முக்குதல் ஆகாது. முக்கினால் தலைக்குள் அமுக்கம் கூடி, புதிதாகத் தைத்த உறையிலிருந்து நீர் கசியக்கூடும். நோக் குளிசைகள் சில மலத்தை இறுக்கும். எனவே பப்பாசிப்பழம், வாழைப்பழம், கீரை, தவிட்டரிசிச் சோறு, போதிய தண்ணீர் என்பன தினமும் வேண்டும். அப்படியும் மலம் இறுகினால் வைத்தியரிடம் மருந்து கேளுங்கள். குந்தியிருக்கும் மலசலகூடத்தில், நடுவில் வட்டமாக வெட்டிய பழைய கதிரையொன்றை வைத்துக் கொடுப்பது பெரிய உதவி. கதிரை ஆடாமல் உறுதியாக நிற்கிறதா என்று முதலிலே பாருங்கள்.

இருமலும் இப்படித்தான். அடுப்புப் புகை படாத இடத்தில் நோயாளியைப் படுக்க விடுங்கள். தடிமன், காய்ச்சல் உள்ளவர்கள் கிட்ட வர வேண்டாம். பீடியும் சுருட்டும் இருமலைக் கூட்டுவதோடு காயம் ஆறுவதையும் தாமதப்படுத்தும்.

காயமும் முழுக்கும்

காயத்தைத் துப்புரவாகவும் ஈரமின்றியும் வைத்திருத்தலே முக்கியம். மஞ்சள், எண்ணெய், சாம்பல், பச்சிலை எதுவும் பூச வேண்டாம். தையல் பிரித்துக் காயம் நன்றாகக் காயும் வரை கழுத்துக்குக் கீழே மாத்திரம் வெந்நீர் ஊற்றிக் கழுவலாம். தலைமுழுக்கு எப்போது என்பதைத் தையல் பிரிக்கும்போது கேளுங்கள். குளத்திலும் வாய்க்காலிலும் அமிழ்ந்து குளிப்பதைக் கிளினிக்கில் அனுமதிக்கும் வரை தள்ளி வையுங்கள். காயத்தைச் சுற்றி விறைப்பும் சொறிவும் சில மாதங்கள் இருக்கலாம். நகத்தால் சொறிய வேண்டாம்.

கழுத்து இறுகியிருக்கிறது என்று எண்ணெய் போட்டு உருவுதல், நெட்டி முறித்தல் என்பவற்றை ஒருபோதும் செய்விக்க வேண்டாம். அங்கே எலும்பு அகற்றப்பட்டிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. இளஞ்சூட்டு ஒத்தடம் தோளுக்குக் கொடுக்கலாம். காயத்தின் மேல் வேண்டாம். கழுத்தை அசைக்கும் பயிற்சியை இயன்மருத்துவர் காட்டித் தந்தபடி மாத்திரம் செய்யுங்கள்.

மருந்து பற்றி மூன்று எச்சரிக்கைகள்

1. வளர்ந்தவர்கள் 500 மில்லிகிராம் பனடோல் குளிசையை 24 மணி நேரத்தில் 8க்கு மேல் எடுக்கக் கூடாது. வைத்தியசாலையில் தந்த நோக் குளிசையிலும் அதே மருந்து கலந்திருக்கலாம். கேட்டறிந்து எடுங்கள்.

2. அஸ்பிரின் போன்றவை இரத்தம் கசிவதைக் கூட்டும். கடையில் தாமாக வாங்கி எடுக்க வேண்டாம். முன்னரே இருதய நோய்க்கு அஸ்பிரின் எடுத்தவர்கள் மீண்டும் எப்போது தொடங்குவது என்று வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

3. ஸ்ரெரொயிட் குளிசை தந்திருந்தால் அதனைச் சொன்னபடி படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். சுகமாகிவிட்டது என்று திடீரென நிறுத்துவது ஆபத்து.

வேலைக்குத் திரும்புதல்

வீடு திரும்பிய முதல் 2 கிழமைகளில் நோயாளியின் வேலை உண்பதும் உறங்குவதும் வளவுக்குள் நடப்பதுமே. களைப்பு மிக அதிகமாக இருக்கும். ஒருநாள் சுகமாகவும் மறுநாள் நோவாகவும் இருப்பது வழமை. இதைக் கண்டு மனம் தளரக் கூடாது.

முதல் 6 கிழமைகளுக்கு ஏறத்தாழ 2 கிலோவுக்கு மேல் தூக்கலாகாது. இரண்டு லீற்றர் தண்ணீர்ப் போத்தலின் பாரம்தான் அது. கிணற்று வாளியில் 10 லீற்றர் தண்ணீர் இருந்தால் அதுவே 10 கிலோ. முதுகில் சுமக்கும் 16 லீற்றர் மருந்து தெளிகருவி நிரம்பினால் 16 கிலோவைத் தாண்டும். நெல் மூடையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. கைக்குழந்தையைத் தூக்குவதும் பாரம் தூக்குதலே. தாய் இருந்தபடி, பிள்ளையை மடியில் மற்றவர் வைத்துக் கொடுக்க வேண்டும். குனிந்து தேங்காய் துருவுதல், அம்மியில் அரைத்தல், வளவு கூட்டுதல், குழாய்க்கிணற்றின் பிடியை அடித்தல் ஆகியவற்றையும் இக்காலத்தில் தவிர்க்க வேண்டும். இருந்தபடி கீரை ஆய்தல், பயறு புடைக்காமல் பொறுக்குதல், கணக்கு எழுதுதல் போன்றவற்றைச் செய்யலாம்.

6 கிழமைக்குப் பின்னர், கிளினிக்கில் பார்த்துச் சம்மதித்தால், சிறிது சிறிதாகப் பாரத்தைக் கூட்டலாம். மண்வெட்டி பிடித்தல், இருசில்லு உழவு இயந்திரம் ஓட்டுதல், மூடை தூக்குதல் என்பவற்றுக்குக் குறைந்தது 3 மாதங்களாவது பொறுத்திருந்து வைத்தியரின் அனுமதியோடு தொடங்க வேண்டும். தலையில் தண்ணீர்க்குடமும் விறகுக்கட்டும் சுமப்பதை முற்றாகவே கைவிடுவது நல்லது. அதற்கு மாற்றாகச் சைக்கிளோ கைவண்டியோ தேடிக்கொள்ளுங்கள்.

இதனைப் பருவத்தோடு கணக்குப் பார்க்கலாம். புரட்டாதியில் சத்திரசிகிச்சை செய்தவர் அவ்வருடக் காலபோக விதைப்பில் இறங்க முடியாது; அறுவடைக் காலத்தில் இலகுவான வேலைகளில் உதவக்கூடும். சத்திரசிகிச்சைக்கு முன்னரே இந்த மூன்று மாதங்களுக்கு யார் வயல் பார்ப்பது, யார் நீர் அள்ளுவது என்று குடும்பமாக இருந்து பேசுங்கள். திகதியைத் தெரிவு செய்ய இடமிருந்தால் வைத்தியரிடம் உங்கள் நிலைமையைக் கூறலாம். ஆனால் கை மெலிந்து கொண்டு போகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் அறுவடை முடியட்டும் என்று பின்போடாதீர்கள். ஒரு போகத்தை இழந்தால் அடுத்த போகம் உண்டு. முண்ணாணில் ஒருமுறை இழந்த பலம் திரும்பும் என்பது நிச்சயமில்லை.

எது மாறும், எது மாறாது?

இதை முன்கூட்டியே அறிந்திராததால்தான் பல வீடுகளில் ஏமாற்றமும் மனக்கசப்பும் உண்டாகின்றன. இருமும்போது வரும் பிடரித் தலையிடி பெரும்பாலானோருக்கு நன்றாகக் குறைகிறது. முண்ணாணில் உள்ள நீர்க்குழி சுருங்குவதற்கு மாதங்கள் செல்லும். அதனை அறிய வைத்தியர்கள் சில மாதங்களின் பின் மீண்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுப்பார்கள். நெடுங்காலமாக இருந்த விறைப்பும் கை மெலிவும் ஓரளவே மாறலாம், சிலருக்கு மாறாமலும் இருக்கலாம். அப்படியானால் சத்திரசிகிச்சை வீண் என்று எண்ணக் கூடாது. நோய் மேலும் கூடாமல் நிறுத்துவதே அதன் முதல் நோக்கம். ஒரு சிலருக்கு இரண்டாவது சத்திரசிகிச்சை தேவைப்படுவதும் உண்டு.

கையில் சூடு தெரியாதவர்கள் அந்தக் கையை என்றும் காக்க வேண்டும். சட்டியைத் துணியால் பிடியுங்கள். தண்ணீரின் சூட்டை முழங்கையாலோ உணர்வுள்ள மற்றக் கையாலோ பாருங்கள். வயலில் இருந்து வந்ததும் கைகால்களில் வெட்டோ முள்ளோ உண்டா என்று கண்ணால் பாருங்கள். நோகவில்லை என்பதால் காயமில்லை என்று பொருளல்ல.

உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

1. காயத்திலிருந்து தண்ணீர் போன்ற தெளிந்த நீர் கசிதல், அல்லது தலையணை காரணமின்றி நனைந்திருத்தல்.
2. பிடரியில் புதிதாக வீக்கம் தோன்றுதல், அல்லது இருந்த வீக்கம் பெருத்தல்.
3. காய்ச்சல், குளிர் நடுக்கம், காயம் சிவந்து சீழ் வைத்தல்.
4. நாளுக்கு நாள் கூடும் தலையிடி, ஓயாத சத்தி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, முன்னரிலும் அதிகமாகக் கழுத்து விறைத்தல்.
5. அதிக தூக்கம், தடுமாறிப் பேசுதல், வலிப்பு.
6. புதிதாகக் கைகால் பலவீனம், விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல், சிறுநீர் கழிக்க முடியாமை.
7. ஒரு காலின் கெண்டைப் பகுதி மாத்திரம் வீங்கி நோதல், அல்லது திடீரென நெஞ்சு நோவும் இளைப்பும் வருதல்.

இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். அது வரும்வரை நோயாளியைச் சாய்த்துப் படுக்க வைத்து, எதுவும் உண்ணக் கொடுக்காமல் இருங்கள்.

பத்திரங்களைப் பாதுகாத்தல்

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இதனைச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். நோய்நிர்ணய அட்டை, ஸ்கான் படங்கள், கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டு ஆகியவற்றைத் தடித்த பொலித்தீன் பையொன்றில் இட்டு, பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, காணி உறுதி என்பவற்றோடு ஒன்றாக வையுங்கள். நோய்நிர்ணய அட்டையின் பிரதியொன்றைப் பங்குத்தந்தையிடமோ நம்பிக்கையான உறவினரிடமோ கொடுத்து வையுங்கள். கைத்தொலைபேசி இருந்தால் படமும் எடுத்து வைக்கலாம். வேறு மாவட்டத்துக்கு மாற நேர்ந்தால், போகுமுன் கிளினிக்கில் கூறி மாற்றுக் கடிதம் பெறுங்கள். பிற்காலத்தில் வேறு நோய்க்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தாலும், ஒரு பெண் கருத்தரித்தாலும், இச்சத்திரசிகிச்சை நடந்ததை வைத்தியரிடமும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் முதலிலேயே சொல்ல வேண்டும்.

பிள்ளைகள்

பிள்ளைகள் பெரியவர்களிலும் விரைவாகத் தேறுவர். அதுவே ஒரு தொல்லையுமாகும். நோ குறைந்ததும் ஓடத் தொடங்குவார்கள். பாடசாலைக்கு எப்போது போகலாம் என்று வைத்தியரிடம் கேளுங்கள். புத்தகப்பையை மற்றொருவர் சுமக்கட்டும். மரம் ஏறுதல், பந்து தலையால் அடித்தல், கரணம் போடுதல் என்பன வைத்தியர் சம்மதிக்கும் வரை கூடாது. வகுப்பாசிரியரிடம் பெற்றோர் நேரில் சென்று விளக்க வேண்டும்.

அயலவர் என்ன செய்யலாம்?

நோயாளி சில வேளைகளில் காரணமின்றி அழுவார், எரிந்து விழுவார், நித்திரையின்றிக் கிடப்பார். "எல்லோருக்கும் பாரமாகிவிட்டேன்" என்பார். மண்ணையும் உழைப்பையும் முன்னரே ஒருமுறை இழந்தவருக்கு இந்த எண்ணம் இன்னும் ஆழமாகத் தைக்கும். வேலை செய்ய முடியாத மாதங்களிலும் குடும்ப முடிவுகளில் அவரைக் கேளுங்கள். விதை எது, விலை என்ன என்று அவரோடு பேசுங்கள். மனச்சோர்வு கிழமைக் கணக்கில் நீடித்தால் கிளினிக்கில் அதையும் கூறுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

அயலவரும் பங்குச் சபையினரும் பழங்களுடன் வந்து பார்த்துப் போவதோடு நின்றுவிடாமல், முறைபோட்டு உதவலாம். ஒருவர் காலையில் இரண்டு குடம் தண்ணீர்; ஒருவர் கிழமைக்கொரு நாள் வயல்; ஒருவர் கிளினிக்குக்குத் துணை. பத்துக் குடும்பங்கள் பகிர்ந்தால் எவருக்கும் பாரமில்லை. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் ஆயினும், பயணச் செலவும் உழைப்பிழப்பும் குடும்பத்தை முறித்துவிடும். இதுபற்றிக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்தின் சமூகசேவை உத்தியோகத்தரிடமும் நோய்நிர்ணய அட்டையுடன் சென்று விசாரியுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. சுகமடைந்து எழும்பியவர் அடுத்த போகத்தில் இன்னொருவரின் வரம்பில் நின்று அந்தக் கைமாற்றைத் தீர்ப்பார்.